99 ஆண்டுக் குத்தகை, கடலோர பிடிஓ: கடைசி வருடத்தில் அங்கே என்ன இருக்கும்?

உட்லண்ட்ஸ் மருமகள் கேட்டது:

வணக்கம். வீடு பற்றிய கேள்விதான், ஆனால் கடன், மசேநி (மத்திய சேமநிதி) பற்றியதல்ல. அதற்கெல்லாம் இங்கே ஏற்கெனவே நூறு திரி இருக்கிறது.

நானும் கணவரும் இப்போது சிங்கப்பூரின் வடக்கே உட்லண்ட்ஸில் மாமியார் வீட்டில் இருக்கிறோம். மகளுக்கு நாலு வயது. 2024 அக்டோபரில் கிழக்குக் கரையில் உள்ள பேஷோரில் பிடிஓ (விண்ணப்பம் வாங்கிக் கட்டிக்கொடுக்கும் அரசாங்க அடுக்குமாடி வீடு, 99 வருடக் குத்தகை) வந்தபோது போட்டோம், குலுக்கலில் எண் கிடைக்கவில்லை. அந்தப் பக்கம் அடுத்து வந்தால் மறுபடியும் போடுவோம் என்கிறார் அவர். ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா நடக்கும் தூரம், வாசலிலேயே எம்ஆர்டி. வேண்டாம் என்று சொல்ல எனக்கும் மனம் இல்லை.

வேண்டாம் என்பவர் என் அப்பா. "அது கடலைத் தூர்த்துப் போட்ட மண். கடல் ஒரு நாள் திருப்பிக் கேட்கும்" என்கிறார். அப்பா எதற்குமே இப்படித்தான் பேசுவார் என்று முதலில் விட்டுவிட்டேன். அப்புறம் ஒரு ராத்திரி சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2029இல் சாவி கிடைத்தால் குத்தகை முடிவது 2128இல். அப்போது என் மகளுக்கு 107 வயது. அவளுடைய பேரப்பிள்ளைகள்கூட அந்த வீட்டில் இருக்கலாம். எனக்குத் தூக்கம் போனதுதான் மிச்சம்.

எங்களுக்கு மேல் மாடிதான் வேண்டும். அதனால் வீட்டுக்குள் கடல் வராது என்று தெரியும். கீழே பஸ் வருமா, மழை நாளில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியுமா, ஏர்கான் இல்லாமல் ஒரு ராத்திரியாவது தூங்க முடியுமா? இதுதான் கவலை. 2023 மே 13, சனிக்கிழமை, அங் மோ கியோவில் 37 டிகிரி என்று செய்தி வந்த நாளில் என் மகளுக்கு முதுகு முழுக்க வேர்க்குரு. மூன்று தடவை குளிப்பாட்டினேன். அந்த மாதிரி நாள்தான் வருடம் முழுக்க என்றால் கிழக்கு, வடக்கு என்று பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறதா?

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பயமுறுத்தவும் வேண்டாம், "அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்" என்று ஒரே வரியில் முடிக்கவும் வேண்டாம்.

சாவிக்கொத்து எழுதியது:

பத்து வருடக் கட்டாயக் குடியிருப்பு முடிந்ததும் விற்றுவிடுங்கள். 2128 பற்றி அடுத்து வாங்குகிறவர் கவலைப்படட்டும்.

உட்லண்ட்ஸ் மருமகள் எழுதியது:

அடுத்து வாங்குகிறவரும் இதே கேள்வியோடு இங்கே வருவாரே சார், அப்போது விலை என்ன ஆகும்? அதை விடுங்கள், நான் விற்பதற்காக வாங்கவில்லை.

கணக்குப்புலி எழுதியது:

முதலில் எண்களைச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜனவரியில் நம் வானிலை ஆய்வகத்தின் பருவநிலை ஆய்வு நிலையம் மூன்றாவது தேசிய ஆய்வை வெளியிட்டது. உலக அளவிலான கணினி மாதிரிகளில் சிங்கப்பூர் ஒரு புள்ளிகூடத் தேறாது. அதனால் இந்த வட்டாரத்துக்கென்று கணக்குப் போடும் கட்டங்களைச் சிறிதாக்கி ஓடவிட்டுப் பார்த்த ஆய்வு இது.

சராசரி வெப்பநிலை இந்த நூற்றாண்டின் முடிவில் 0.6 முதல் 5 டிகிரி வரை கூடலாம். "இது என்ன கணிப்பு, 0.6க்கும் 5க்கும் நடுவில் லாரியே போகுமே" என்று என் நண்பர் ஒருவர் சிரித்தார். அந்த இடைவெளியில் பெரும்பகுதி உலகம் இனி எவ்வளவு நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கப்போகிறது என்பதைப் பொறுத்தது. சீக்கிரம் குறைத்தால் கீழ் எண், கண்டபடி எரித்தால் மேல் எண். அந்த மேல் எண்ணுக்கான பாதையில் உலகம் இப்போது போகவில்லை என்று பல விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். அதனால் 5ஐ மட்டும் பிடித்துக்கொண்டு அலற வேண்டாம்.

உங்கள் வேர்க்குரு நாளுக்கு வருகிறேன். பகலில் 35 டிகிரியைத் தாண்டும் நாட்கள் கடந்த நாற்பது வருடச் சராசரியில் வருடத்துக்கு 21 சொச்சம். நூற்றாண்டு முடிவில் அது 41 ஆகலாம், 351உம் ஆகலாம். பகலைவிட எனக்கு உறைத்தது ராத்திரி. 26.3 டிகிரிக்குக் கீழே இறங்காத இரவுகள் இப்போது வருடத்துக்கு 76 அளவில் இருக்கின்றன. மேல் கணக்குப்படி ஏறக்குறைய எல்லா இரவும் அப்படித்தான் இருக்கும். பகல் வெயிலுக்கு நிழலில் ஒதுங்கலாம். ராத்திரி சுவரே அனல் அடித்தால் எங்கே ஒதுங்குவது? நகர நடுவுக்கும் காடு, தோட்டம் உள்ள வடமேற்குக்கும் ராத்திரியில் 7 டிகிரி வரை வித்தியாசம் இருந்ததாக அளந்தும் இருக்கிறார்கள். ஆகவே கிழக்கா வடக்கா என்பதைவிட உங்கள் புளோக்கைச் சுற்றி மரம் எவ்வளவு, காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

கடல் மட்டம் 2100க்குள் 0.23 முதல் 1.15 மீட்டர் வரை உயரலாம். 2150க்குள் 2 மீட்டர் அளவுக்குக்கூடப் போகலாம். உங்கள் குத்தகை முடிவது இந்த இரண்டுக்கும் நடுவில். அண்டார்டிகா உருகினால் நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு: அவ்வளவு பெரிய பனிக்கட்டி தன் எடையால் கடல்நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி கரையக் கரைய அந்த இழுப்பு தளர்ந்து தண்ணீர் தூரத்துக் கடல்களுக்குப் போகும். நிலநடுக்கோட்டின் அருகில் இருக்கும் நமக்குச் சராசரியைவிடக் கொஞ்சம் கூடுதல் பங்கு.

சிங்கப்பூர் நிலத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் கடல் மட்டத்திலிருந்து 5 மீட்டருக்குக் கீழே இருக்கிறது. மட்டம் உயர்ந்த கடலில் பெரிய ஏற்றமும் புயல்காற்றும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் தண்ணீர் சில மணி நேரத்துக்கு 4, 5 மீட்டர் வரை எழும்பலாம். பிரதமராக இருந்த லீ சியன் லூங் 2019 தேசிய தினப் பேரணியில் நூறு வருடத்துக்கு 100 பில்லியன் வெள்ளி ஆகும் என்று சொன்னது இதற்காகத்தான்.

பொத்தோங் பாசிர் கிழவன் எழுதியது:

மருமகளே, தம்பி சொன்ன எண்களெல்லாம் சரி. நான் எண் தெரிந்தவன் இல்லை, லோங்காங், அதாவது மழைநீர்க் கால்வாய், தெரிந்தவன். வடிகால் வேலையில் 34 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். எல்லாரும் கடலையே பார்க்கிறீர்கள். நான் முதலில் வானத்தைப் பார்ப்பேன், அப்புறம்தான் கடல்.

1978 டிசம்பர் 2, சனிக்கிழமை. எனக்குப் பதினாறு வயது. நாங்கள் அப்போது பொத்தோங் பாசிர் கம்பத்தில், அதாவது கிராமத்தில், இருந்தோம். அத்தாப்பு ஓலைக் கூரை, பலகைச் சுவர், பின்னால் கொட்டகையில் இரண்டு மாடு. அப்பா பால் ஊற்றிப் பிழைத்தவர். அன்றைக்குப் பிடித்த மழை மறுநாள் வரைக்கும் விடவில்லை. 24 மணி நேரத்தில் 512 மில்லிமீட்டர் என்று பின்னால் பதிவைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஏழு பேர் இறந்துபோனார்கள். எங்கள் வீட்டில் தண்ணீர் முதலில் அடுப்பங்கரைக்கு வந்தது. அம்மா அரிசி டின்னை அலமாரி மேலே ஏற்றினார். அரை மணி நேரத்தில் அலமாரியே மிதந்தது. அப்பா அரிவாளை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினார், மாட்டுக் கயிற்றை அறுத்துவிட. முடிச்சை அவிழ்க்க நேரம் இல்லை. ஒரு மாடு தானாக மேட்டுப் பக்கம் நீந்திப் போனது. இன்னொன்று கிடைக்கவில்லை.

அந்தத் தண்ணீர் கடல்தண்ணீர் இல்லை, அத்தனையும் மழைத்தண்ணீர். காலாங் ஆற்றால் அவ்வளவையும் கொண்டுபோக முடியவில்லை. வேலைக்குச் சேர்ந்த பிறகு இந்த விஷயம் எனக்கு இன்னும் நன்றாகப் புரிந்தது. காலையில் வந்ததும் முதலில் பார்ப்பது அன்றைய கடல் ஏற்ற இறக்க அட்டவணை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள், ஏற்றம் மத்தியானம் ஒரு மணிக்கு, வானமும் கறுத்திருக்கிறது என்றால் வயிற்றில் புளி கரைக்கும். கடல் ஏறி நிற்கும்போது லோங்காங் வாயில் தண்ணீர் வெளியே போகாது, திரும்பி வரும். ஜாலான் புசார், கேலாங், சைனாடவுன் எல்லாம் அந்தக் காலத்தில் அப்படி மாட்டிக்கொண்ட இடங்கள்தான். மழை பாதி, ஏற்றம் பாதி. இரண்டும் ஒரே மணியில் வந்தால்தான் வம்பு.

ஆறுகள் கடலில் சேரும் இடத்தில் மரினா அணைக்கட்டு 2008இல் வந்தபிறகு அந்தப் பள்ளப் பகுதிகளுக்கு விடிவு வந்தது. கூரைப் புல்வெளியில் பட்டம் விட எல்லாரும் போகிறீர்கள், கீழே என்ன நடக்கிறது என்று எத்தனை பேர் பார்த்தீர்கள்? ஒன்பது இரும்புக் கதவு. கடல் இறங்கியிருக்கும் நேரத்தில் பெரிய மழை என்றால் கதவைச் சாய்ப்பார்கள், தண்ணீர் தானாகக் கடலுக்குப் போகும், காசு செலவில்லை. கடல் ஏறியிருந்தால் கதவைச் சாய்க்க முடியாது. ஏழு பெரிய பம்புகளைப் போட்டுத் தண்ணீரைத் தூக்கி ஊற்ற வேண்டும்.

இப்போது தம்பி சொன்ன 1.15 மீட்டரை இதில் வைத்துப் பாருங்கள். கடல் ஏறியிருக்கும் மட்டத்தோடு இறங்கியிருக்கும் மட்டமும் சேர்ந்து உயரும். கதவைச் சாய்த்துச் சும்மா விடக்கூடிய மணி நேரம் நாளுக்கு நாள் சுருங்கும். பம்ப் ஓட வேண்டிய நேரம் நீளும். அதே சமயம் ஒரே அடியாகக் கொட்டும் மழையும் கூடும் என்கிறார்கள். மழைக் காலம் இன்னும் மழையாகவும், வறண்ட மாதங்கள் இன்னும் வறட்சியாகவும் ஆகலாமாம். 2014 பிப்ரவரி ஞாபகம் இருக்கிறதா? 1869க்குப் பிறகு அவ்வளவு வறண்ட மாதம் வந்ததில்லை என்றார்கள். எங்கள் புளோக் அடியில் புல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. லோங்காங்கில் தண்ணீரே இல்லாமல் கொசு மட்டும்தான் இருந்தது.

சரி, பேஷோருக்கு வருகிறேன். அது மரினா அணைக்கட்டுக்கு உள்ளே வராது. சிக்லாப் கால்வாய் மாதிரி அந்தப் பக்கத்துக் கால்வாய்கள் நேராகக் கடலில் போய் விழுகிறவை. அதனால் இப்போதைக்குக் கவலை நியாயம்தான். ஆனால் அங்கேதான் நீண்ட தீவு வரப்போகிறது என்று 2023 நவம்பரில் அறிவித்தார்கள். ஈஸ்ட் கோஸ்ட்டுக்கு வெளியே சுமார் 800 ஹெக்டர் நிலத்தை உயர்த்திப் போடுவார்கள். தீவுக்கும் இப்போதைய கரைக்கும் நடுவே நன்னீர்த் தேக்கம். உள்ளே இருந்து வரும் மழைத்தண்ணீர் தேக்கத்துக்குப் போகும், மிஞ்சியதைக் கதவும் பம்பும் கடலுக்குத் தள்ளும். மரினாவில் செய்த அதே வித்தைதான். ஆய்வுக்கே ஐந்து வருடம் என்றார்கள், கட்டி முடிக்கப் பல பத்தாண்டு ஆகும். நான் பார்க்கமாட்டேன், உன் மகள் பார்ப்பாள். அப்போது உன் வீடு கடலைப் பார்த்த வீடாக இருக்காது, ஏரியைப் பார்த்த வீடாக இருக்கும். விற்பனைத் தாளில் கடல் காட்சி என்று போட்டிருந்தால் அதை மட்டும் நம்பாதே.

அதுவரை மற்ற காரியங்கள் சத்தமில்லாமல் நடக்கின்றன. புதிதாகக் கடலைத் தூர்க்கும் நிலத்தைக் கடல் மட்டத்திலிருந்து 3 மீட்டருக்குப் பதில் 4 மீட்டர் உயர்த்த வேண்டும் என்று 2011இலேயே விதியை மாற்றினார்கள். சாங்கி விமான நிலையத்தின் ஐந்தாம் முனையத்துக்கு 5.5 மீட்டர். எம்ஆர்டி நிலையத்துக்குள் போகும்போது முதலில் சில படி ஏறி அப்புறம் இறங்குகிறோம் இல்லையா? என் முழங்கால் தினமும் திட்டும். அந்தப் படிகள் வெள்ளத்துக்காக வைத்தவை.

அப்பா சொன்னதைத் தள்ளிவிடாதே. கடல் திருப்பிக் கேட்கும் என்பது சரிதான். ஆனால் கேட்கும்போது வாசலில் யாராவது நிற்பார்கள்.

மன்னார்குடி மைனர் எழுதியது:

அங்கிள் சொன்ன வாசலில் நிற்கப்போகிற ஆள் நாங்கள்தான் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். துவாஸ் பக்கம் கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பு மேற்பார்வை வேலை, பதினோரு வருடமாக.

எங்கள் தளத்தில் முக்காலி மேல் ஒரு கருவி இருக்கும். ஒரு கறுப்பு உருண்டை, பக்கத்தில் ஈரத்திரி சுற்றிய ஒரு குழாய். வெயில், புழுக்கம், காற்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லும். திரிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை என்னுடையது. பையன்கள் அதை "சாமிக்கு அபிஷேகம்" என்பார்கள். 2023 அக்டோபரிலிருந்து மனிதவள அமைச்சின் விதிப்படி அந்த எண் 32ஐத் தொட்டால் கடினமான வேலை செய்கிறவர்களுக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிடம் நிழலில் ஓய்வு, 33ஐத் தொட்டால் 15 நிமிடம். இது சாதாரண வெப்பமானி காட்டும் டிகிரி இல்லை. 33 என்றால் என்னவோ குறைச்சல் என்று நினைக்காதீர்கள், அந்த எண்ணில் கம்பி கட்டுகிறவன் சட்டையைப் பிழிந்தால் அரைச்சொம்பு தண்ணீர் வரும்.

ஊரிலிருந்து புதிதாக வருகிறவன் "மன்னார்குடியில் பார்க்காத வெயிலா அண்ணே" என்பான். ஊர் வெயில் சுடும், இந்த ஊர் வெயில் வேகவைக்கும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை காயாது, காயாவிட்டால் உடம்பு ஆறாது. முன்பு வேலை பார்த்த ஒரு தளத்தில் வந்து மூன்றாம் நாளே ஒரு பையன் சுருண்டு விழுந்தான். கை கால் சில்லென்று இருந்தது, பேச்சு குழறியது. ஐஸ் பெட்டியில் இருந்த தண்ணீரை அப்படியே அவன் மேல் கவிழ்த்தோம். பிழைத்துக்கொண்டான். இப்போது புது ஆளுக்கு முதல் ஏழு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெயிலில் நேரம் கூட்டுகிறோம்.

கணக்குப்புலி சார் சொன்ன 351 நாள் எனக்கு இப்படித்தான் தெரிகிறது: வருடத்தில் இரண்டு வாரம் போக மற்ற நாளெல்லாம் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று வேலையை நிறுத்தி நிறுத்தித்தான் செய்ய வேண்டும். தீவு போடுவது, சுவர் எழுப்புவது எல்லாமே வெளியில் செய்யும் வேலை. வெயில் கூடக்கூட வேலை நேரம் சுருங்கும், வேலையோ கூடிக்கொண்டே போகும். ராத்திரி வேலைக்கு மாற்றலாம் என்பார்கள். ராத்திரியும் ஆறாது என்று அவரே சொல்லிவிட்டாரே.

அக்கா, நீங்கள் எங்கே வாங்கினாலும் மேற்கு வெயில் சுவரில் அடிக்கும் அறையைப் படுக்கை அறையாக்காதீர்கள். அந்தச் சுவர் பகல் முழுக்கக் குடித்த வெயிலைப் படுத்த பிறகுதான் விடும். எங்கள் விடுதி அறை அப்படிப்பட்டது, அனுபவத்தில் சொல்கிறேன்.

கணக்குப்புலி எழுதியது:

மைனர் சொல்வதோடு ஒன்று. ஏர்கான் போட்டு நாம் உள்ளே ஆற்றும் சூட்டை வெளியேதான் தள்ளுகிறோம், பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு. எல்லா இரவும் எல்லாரும் போட்டால் புளோக் இடுக்கில் இருக்கும் காற்றின் கதி என்ன? எங்கள் புளோக்கில் எதிரெதிரே இருக்கும் இரண்டு வீட்டுக்காரர்கள் இதற்காகவே பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

உட்லண்ட்ஸ் மருமகள் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அங்கிள், உங்கள் மாட்டுக் கதையை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். அவர்களும் அந்த வெள்ளத்தில் அகப்பட்டவர்களாம், இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. மைனர் தம்பி, மேற்குச் சுவர் விஷயத்தை வரைபடத்தில் குறித்துக்கொண்டேன்.

ஒரு சின்னச் சந்தேகம். 1.15 மீட்டர் என்று கேட்டால் மனதில் உருவம் வரமாட்டேன் என்கிறது. எங்கே போய்ப் பார்ப்பது?

பொத்தோங் பாசிர் கிழவன் எழுதியது:

பௌர்ணமிக்கு மறுநாள் ஈஸ்ட் கோஸ்ட் போ. அட்டவணையில் அன்றைய பெரிய ஏற்றம் எத்தனை மணி என்று பார்த்துக்கொண்டு, அது இறங்கி இரண்டு மணி நேரம் கழித்துப் போனால் போதும். கரைக்கல் அடுக்கில் கீழே கறுப்பாக ஒரு பட்டை தெரியும், பாசியும் சிப்பியும் ஒட்டியிருக்கும். அதற்கு மேலே கல் வெளுத்திருக்கும். கறுப்பு முடியும் இடம்தான் கடல் இப்போது வழக்கமாக ஏறி வரும் மட்டம். அங்கிருந்து மேலே அளந்துகொள். கல் வழுக்கும், பிள்ளையின் கையை விடாதே.

உட்லண்ட்ஸ் மருமகள் எழுதியது:

போய்வந்தோம் அங்கிள். அட்டவணைப்படி நாங்கள் போகவேண்டிய நேரம் மத்தியானம் இரண்டு மணியாக அமைந்தது. கறுப்புப் பட்டை நீங்கள் சொன்ன மாதிரியே தெரிந்தது, கோடு போட்டாற்போல. கணவர் மகளைப் பிடித்துக்கொள்ள, அது முடியும் கல்லில் அவளை நிறுத்திப் படம் எடுத்தேன். அவள் உயரம் 1 மீட்டர் 3 சென்டிமீட்டர். 1.15க்கு அவள் தலைக்கு மேலே இன்னும் அரைச்சாண் வேண்டும், கையைத் தூக்கச் சொன்னோம். நடைபாதை அதற்கும் கொஞ்சம் மேலேதான் இருந்தது. சைக்கிளில் போனவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

பிடிஓ போடுவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அப்பாவுக்குப் படத்தை அனுப்பி விளக்கமாக எழுதினேன். ஒரே வரியில் பதில் வந்தது: "பிள்ளையை ஏன் மொட்டை வெயிலில் நிற்க வைத்தாய்?"